முதுகுவலி பெறுதல் – வழிகாட்டு நெறிமுறைகள் வழங்குதல் – சார்பு

அனுப்புநர்: 26 ஆண்டுகள் சாக்பீஸ் பிடித்த ஒரு கணக்கு டீச்சர், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி.

பெறுநர்: இந்தக் கல்வியாண்டில் புதிதாகப் பணியேற்றுள்ள அனைத்து ஆசிரியப் பெருமக்கள்.

பார்வை: 1. என் வலது தோளின் எக்ஸ்ரே. 2. என் கழுத்தின் எம்.ஆர்.ஐ. 3. மருந்துக்கடைக்காரரின் வாய்மொழி ஆணை.

பார்வையில் காணும் ஆவணங்களின்பால் தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது.

பி.எட். வகுப்பில் நமக்குக் கல்வி உளவியல் சொல்லித் தந்தார்கள். பாடக்குறிப்பு எழுதச் சொல்லித் தந்தார்கள். கரும்பலகையில் வரி ஏறாமல் இறங்காமல் எழுதுவதற்குத் தனியாக மதிப்பெண்ணே போட்டார்கள். பணி நிறைவு விழாவில் சந்தன மாலையை வாங்கக் கழுத்தைக் குனிக்க முடியாத நிலைக்கு ஒரு மனுஷி எப்படி வந்து சேர்வது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நாங்கள் தட்டுத் தடுமாறி, ஆளுக்கொரு வழியாகக் கண்டுபிடித்தோம். அடுத்த தலைமுறை அந்தச் சிரமப்படக் கூடாது என்பதற்காகவே இந்தச் சுற்றறிக்கை.

அவசரப்பட வேண்டாம். முன்பெல்லாம் 58 வயதில் அனுப்பிவிடுவார்கள், அதற்குள் முதுகை முடிக்க ஓட வேண்டியிருந்தது. 2020-ல் 59 ஆக்கினார்கள், 2021-ல் 60. நிதானமாகச் செய்யலாம்.

இது நாம் கண்டுபிடித்த கலையும் இல்லை. 1700-ல் இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர், தொழிலால் வரும் நோய்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். 1713-ல் அதை விரித்தபோது எழுத்தர்களைச் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டிருப்பது, பிழை வந்துவிடுமோ என்று மனம் பதறிக்கொண்டே இருப்பது என்று அவர்கள் நோவுக்கு மூன்று காரணம் சொன்னார். அவரும் வாத்தியார்தான், பதுவா பல்கலைக்கழகத்தில். நம் ஊர் ஆய்வு அதிகாரியை அவர் பார்த்திருக்க வழியில்லை. இருந்தும் மூன்றாவது காரணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

தோள்

கணக்கு ஆசிரியர்களுக்கு விரைவில் பலன் தருவது தோள். செய்ய வேண்டியது மிக எளிது. கரும்பலகையின் உச்சியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். நீங்கள் ஐந்தடி உயரம் என்றால் இன்னும் விசேஷம். பலகையை மாட்டிய கொத்தனார் ஆறடி ஆளாக இருந்திருப்பார். கடைசி பெஞ்சுக்குத் தெரிய வேண்டும் என்று அப்போதைய ஹெச்.எம். இன்னும் ஒரு சாண் ஏற்றச் சொல்லியிருப்பார். வலது மூலையில் தேதி, வகுப்பு, பதிவு, வருகை. இடது மூலையில் அன்றைய குறள். இந்த இரண்டையும் நாள்தோறும் அழித்து எழுத வேண்டும் என்பதால், குதிகாலைத் தூக்கி எக்கி நிற்கும் பயிற்சி முதல் பீரியடு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்கும், அதன் மேலே தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டிருக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவே ஒரு சிறு சந்து. கையைத் தூக்க உதவும் தசையின் நாண் அந்தச் சந்து வழியாகத்தான் போகிறது. கை தோளுக்கு மேலே உயர்ந்தால் சந்து குறுகும், நாண் உரசும். ஒரு தடவை உரசினால் ஒன்றுமில்லை. நாளைக்கு ஐந்து பீரியடு, வாரத்துக்கு ஐந்து நாள், 26 வருஷம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே கல் அப்படியே இருக்கிறது, எறும்புதான் தேய்கிறது.

பலகையின் தரமும் முக்கியம். நான் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை மாலை நாங்களே கோவை இலையையும் அடுப்புக் கரியையும் அரைத்துப் பலகையில் பூசுவோம். திங்கட்கிழமை சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது அடிக்கும் பெயிண்ட் மினுமினுக்கிறது, எழுத்து பிடிப்பதில்லை, அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம். ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டதே, நமக்கு வாய்ப்புப் போய்விடுமோ என்று இளைஞர்கள் கவலைப்பட வேண்டாம். அதையும் கை தூக்கித்தான் தொட வேண்டும். கரண்டு போனால் கரும்பலகை இருக்கவே இருக்கிறது.

எனக்கு 48-ம் வயதில் பலன் கிடைத்தது. ஒரு நாள் காலை பின்னல் போடக் கை பின்னால் போகவில்லை. அடுத்த வாரம் பஸ்ஸில் மேல் கம்பிக்குக் கை எழவில்லை. நடுவில் நிற்கும் யாராவது ஒரு கல்லூரிப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் மகளைக் கூப்பிட்டுத் தலைவாரிவிடச் சொன்னால், "அம்மா, பேசாம ரெட்டை ஜடை போட்டுக்கோ, முன்னாடியே பின்னிக்கலாம்" என்றாள். டாக்டர் "ஃப்ரோசன் ஷோல்டர்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா "வாய்வு" என்றார். வலிக்கிறதே என்று கையை மடியிலேயே வைத்திருந்தால் மூட்டைச் சுற்றியுள்ள உறை இன்னும் இறுகும். நானோ, வலிக்கிறதே என்று மடியிலேயே வைத்திருந்தேன். இந்த உறைந்த தோள் 40-க்கும் 60-க்கும் நடுவே அதிகம் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். தானாக விடுவதற்கு ஒரு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். வயது, பெண், சர்க்கரை என்ற மூன்று தகுதியும் எனக்கு இருந்தன. நேர்காணலே இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

கழுத்தும் கட்டைப்பையும்

நிமிர்ந்து நிற்கும் ஆளின் தலை நாலரை, ஐந்து கிலோ எடை. 2014-ல் நியூயார்க்கில் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முதுகெலும்பு மருத்துவர் ஒரு கணக்குப் போட்டார். தலையை 60 டிகிரி கவிழ்த்தால் கழுத்தின் மேல் விழும் பளு சுமார் 27 கிலோ. செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நினைத்து அவர் போட்ட கணக்கு அது. மடியில் நோட்டை வைத்துத் திருத்தும் டீச்சரின் கழுத்தும் ஏறக்குறைய அதே கோணத்தில்தான் இருக்கும். அதாவது, ஒரு சிப்பம் அரிசியைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு, "மூன்றாவது படி விடுபட்டுள்ளது, மீண்டும் செய்க" என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். 40 தடவை.

திருத்துவதற்கு மேசையைத் தேடிப் போகாதீர்கள். ஓடும் பஸ்ஸில் மடியில் வைத்துத் திருத்துங்கள். இரவு சோறு வடிக்கும் நேரத்தில் தரையில் சம்மணம் போட்டுத் திருத்துங்கள். தொலைக்காட்சித் தொடர் ஓடும்போது கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துத் திருத்துவது மேல்நிலைப் பயிற்சி; அதை எல்லாராலும் செய்ய முடியாது.

நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோக ஜவுளிக்கடைக் கட்டைப்பைதான் உகந்தது. ஒரே தோளில், எப்போதும் அதே தோளில் மாட்ட வேண்டும். பிள்ளைகளின் புத்தகப்பை அவர்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020-ன் பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. நல்ல கொள்கை. அதற்கும் முன்னால் 2012-ல் நம் மாநிலத்தில் முப்பருவ முறை வந்தபோது தடித்த புத்தகத்தை மூன்றாக வெட்டியதும் பிள்ளைகளின் தோளுக்காகத்தான். டீச்சரின் பையைத் தராசில் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நான் ஒரு நாள் மளிகைக்கடையில் வைத்துப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு கணக்கு நோட்டு 40, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் சேர்த்து ஒன்பதே கால் கிலோ. கடைக்காரர் பழக்கதோஷத்தில் விலை சொல்லப் பார்த்தார்.

ஏப்ரல் மாதம் விடைத்தாள் திருத்தும் முகாம் வரும். இதை வருடாந்தரப் புத்தாக்கப் பயிற்சியாகக் கொள்ளவும். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அளவெடுத்துச் செய்த பெஞ்சில் ஐம்பது வயது உதவித் தேர்வாளர் உட்கார வேண்டும். முட்டி மேசையில் இடிக்கும், முதுகுக்குச் சாய்வு கிடையாது, மின்விசிறி நமக்கு இரண்டு வரிசை தள்ளி ஓடும். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. கூட்டலில் ஒரு மதிப்பெண் தவறினாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ராமஸ்ஸினி சொன்ன மூன்று காரணங்களும் ஒரே பெஞ்சில் கூடும் இடம் இது.

நாற்காலியை ஒழித்தல்

இதுதான் இந்தச் சுற்றறிக்கையின் உயிர்ப்பகுதி. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வகுப்பறையில் நாற்காலி இருந்தால் அதன் மேல் சாக்பீஸ் டப்பா, டஸ்டர், வருகைப் பதிவேடு, பிடுங்கிவைத்த பம்பரம், கிழிந்த இந்திய வரைபடம் ஆகியவற்றை அடுக்கவும். உட்காரக் கூடாது. நின்றால் நல்லாசிரியர், உட்கார்ந்தால் சோம்பேறி. இதை எந்த அரசாணையும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு இது பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டில் தெரிந்தது. ஏழு மாதக் கர்ப்பம். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. மதியம் முதல் பீரியடு நாற்காலியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்ல வைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒன்றும் பேசவில்லை. சிரித்துவிட்டுத்தான் போனார். பதிவேட்டில் மட்டும் எழுதியிருந்தார்: "ஆசிரியை அமர்ந்த நிலையில் கற்பித்தார். தவிர்க்கப்பட வேண்டும்." அன்று வாய்ப்பாட்டில் தப்பு விட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை போலிருக்கிறது.

தனியார் பள்ளி மிஸ்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தத் தேவையில்லை. என் சித்தி மகள் வேலை பார்க்கும் பள்ளியில் வகுப்பறைக்கு நாற்காலியே போடவில்லை. கேமரா போட்டிருக்கிறார்கள்.

நிற்பதில் என்ன கெடுதி, எங்கள் பாட்டி நாள் முழுக்க நாற்று நட்டாளே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பாட்டியின் முதுகை யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. நடப்பது வேறு, நிற்பது வேறு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அது வேலை செய்வதில்லை. இரத்தம் கீழேயே தேங்குகிறது. சிலருக்கு வருஷப்போக்கில் காலில் நீலமாக நரம்பு சுருட்டிக்கொள்கிறது. இடுப்புத் தசைகளோ உடம்பைத் தாங்கிப் பிடித்தபடியே இறுகுகின்றன. உள்ளங்காலில் குதியிலிருந்து விரல் வரை இழுத்துக் கட்டியிருக்கும் பட்டை நொந்துபோகிறது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஆணி இறங்குகிறதா? வாழ்த்துகள், வந்துவிட்டது.

நிற்பது சலித்தால் குனியலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் குட்டி மேசைக்குப் போய், முட்டியை மடக்காமல், இடுப்பிலிருந்து கவிழ்ந்து, சிலேட்டில் "அ" போட்டுக் காட்டுங்கள். ஸ்வீடனில் ஆல்ஃப் நாக்கெம்ஸன் என்ற மருத்துவர் 1960-களிலேயே முதுகெலும்பின் ஜவ்வுக்குள் ஊசியைச் செருகி அழுத்தத்தை அளந்து பார்த்தார். நேராக நிற்பதைவிட முன்னால் குனியும்போது அழுத்தம் கூடுகிறது. வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால் 30 குனிதல். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புக்கு 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று கணக்கு வைத்திருப்பது நம் இடுப்பை எண்ணித்தான் என்று சில நேரம் தோன்றும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் வருஷக்கணக்காகப் போராடி 2018-ல் உட்காரும் உரிமையை வாங்கினார்கள். 2021-ல் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, அங்கே வேலை செய்பவர்கள் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். தி.நகரில் புடவை எடுத்துப்போடும் பெண்ணுக்குச் சட்டப்படி ஒரு ஸ்டூல் உண்டு. எல்லாக் கடையிலும் அது நிஜமாகவே இருக்கிறதா என்பது வேறு கதை, சட்டத்தில் உண்டு. அந்தப் பெண்ணுக்கு எட்டாம் வகுப்பில் லாப நட்டக் கணக்கு சொல்லிக்கொடுத்த நான், கடைக்குப் போனால்தான் உட்காருகிறேன்.

ஏனென்றால் நாம் தொழிலாளி இல்லை. இது என் கருத்தல்ல. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை தொடர்ந்த வழக்கில் 1988-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் "தொழிலாளி" ஆக மாட்டார், கல்வி புகட்டுவது உன்னதப் பணி என்றது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், தொழிலால் வரும் நோய்களுக்குப் பட்டியல் போட்டது. ஈய நஞ்சு இருந்தது, பாதரச நஞ்சு இருந்தது, கல் உடைப்பவர்களின் நுரையீரலைத் தாக்கும் சிலிகோசிஸ் இருந்தது. கரும்பலகைத் தோள் இல்லை. தொழில் செய்யாதவருக்கு எப்படித் தொழில்நோய் வரும்? நமக்கு வருவதற்குப் பெயர் அர்ப்பணிப்பு. பணி நிறைவு விழாவில் மைக் பிடிக்கும் ஒவ்வொருவரும் அதைச் சொல்லத்தான் போகிறார்கள். "காலில் கட்டுடன் வந்து பாடம் நடத்தியவர் எங்கள் டீச்சர்." கைதட்டுவார்கள். கட்டு ஏன் வந்தது என்று கேட்க மாட்டார்கள்.

முட்டி

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு முட்டியில்தான் எதிர்காலம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுக்க வந்தபோது நான் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏணிப்படி அட்டையும் பாயுமாக அத்தனை பேரும் தரைக்கு இறங்கினோம். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழு. அரும்போடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டி, எழுந்து, மொட்டோடு உட்கார்ந்து சொல் படித்து, எழுந்து, மலரோடு உட்கார்ந்து வாக்கியம் எழுதி, அதற்குள் அரும்பில் ஒருவன் இன்னொருவனைக் கடித்திருப்பான், எழுந்து. ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் இதையே இரண்டு, மூன்று வகுப்புக்குச் சேர்த்துச் செய்யலாம். முன்பு பிள்ளைகளைத் தோப்புக்கரணம் போடச் சொன்னோம். அது தண்டனை என்று நிறுத்தியது நியாயம். இப்போது நாம் போடுகிறோம்.

முறையைக் குறை சொல்லவில்லை. டீச்சர் தன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததும் ஒரு குழந்தையின் முகம் மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தரையிலிருந்து எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

குந்தி உட்காரும் கழிப்பறையில் முட்டி மடங்காவிட்டால் அதற்கும் வழி உண்டு: தண்ணீர் குடிக்காதீர்கள். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை அரை பாட்டில். நம்மில் பாதிப் பேர் இதில் ஏற்கெனவே தேர்ந்தவர்கள்.

கட்டைவிரல்

வருகைப் பதிவு செயலியில், சத்துணவுக் கணக்கு செயலியில், பயிற்சி செயலியில், அதை முடித்துவிட்டதற்கான சான்று வாட்ஸப்பில். ஒரு கையில் போனைப் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் தட்டவும். சுற்றிக்கொண்டே இருக்கும், மறுபடி தட்டவும். சிக்னல் கிடைக்காவிட்டால் வேப்பமரத்தடிக்குப் போய்க் கையை உயர்த்திப் பிடிக்கவும், தோளுக்கும் சேர்த்துப் பலன் உண்டு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வரும் இந்த வலியை 1895-ல் விவரித்தவர் ஃப்ரிட்ஸ் டி கெர்வைன் என்ற ஸ்விட்சர்லாந்து மருத்துவர். கட்டைவிரலை உள்ளே மடக்கி, முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். "அம்மா" என்று கத்தினால் பதிவேற்றம் வெற்றி.

இதர பணிகள்

ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ம் பிரிவு சொல்கிறது. விதிவிலக்கு மூன்றே மூன்றுதான்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். அந்த மூன்றும் தாராளமாகப் போதும். வாக்குச்சாவடிக்கு முந்தின நாளே போய், பெட்டிகளை இறக்கி, இரண்டு பெஞ்சை ஒட்டிப்போட்டு அதன் மேல் படுத்து ஒரு இரவு கழித்தவர்களுக்கு இடுப்பைப் பற்றி நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2025 நவம்பர் 4-ல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது படிவக் கட்டோடு அடுக்குமாடிகளில் ஏறி இறங்கியவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள். மூன்றாம் மாடிக்காரர் எப்போதும் "நாளைக்கு வாங்க" என்பார்.

சிகிச்சை முறை

வலி வந்த பிறகு அது குணமாகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். வரிசை தவறாமல் செய்யவும்.

முதலில் ஆறு மாதம் கண்டுகொள்ளாதிருக்கவும். அடுத்து ஓய்வறையில் சொல்லவும். "கற்பூராதித் தைலத்தைச் சூடு பண்ணித் தேயுங்க டீச்சர்" என்பார் தமிழய்யா. "தென்னமரக்குடி எண்ணெய் போட்டீங்களா?" என்பார் சமூக அறிவியல். "முடக்கத்தான் தோசை, ஒரு மண்டலம்" என்பார் சத்துணவு அக்கா. "எங்க ஊர்ல ஒருத்தர் சுளுக்கு எடுப்பார், ஒரே தட்டுதான்" என்பார் பி.டி. சார். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்து பார்க்கவும். ஒத்தடமும் எண்ணெயும் இதமாகத்தான் இருக்கும். மறுநாள் காலை அதே பலகை, அதே உயரம், அதே கை.

பிறகு மருந்துக்கடை. "முதுகு வலிக்கு ரெண்டு செட் குடுங்க" என்றால் சீட்டு கேட்காமல் காகித உறையில் போட்டுத் தருவார்கள். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. மாதக்கணக்கில் தொடர்ந்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும் என்று டாக்டர்கள் பயமுறுத்துவார்கள். அது உண்மைதான், அதனால்தான் டாக்டரிடம் போவதில்லை.

கடைசியாக எலும்பு டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து "தேய்மானம்" என்பார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் "ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்பார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்க மாட்டார். பெல்ட் ஒன்று, பத்து நாள் பிசியோதெரபி. பிசியோதெரபி நிலையம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. 12 நாள் தற்செயல் விடுப்பில் காதுகுத்து, கல்யாணம், பிள்ளையின் காய்ச்சல் போக மீதி எத்தனை என்று நான் கணக்குப் போட மாட்டேன், நீங்களே போடுங்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்றால், அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். முட்டியை மாற்றுவதற்கு உதவும், முட்டியை மாற்ற வேண்டியிராமல் பார்த்துக்கொள்ள உதவாது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். அருமையான திட்டம். எங்கள் தெருவுக்கும் வந்தார்கள், மாமியார் முட்டியை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நீண்ட விடுப்பு வேண்டுமென்றால் மருத்துவக் குழுவின் முன் நேரில் ஆஜராக வேண்டும். நான் போன இடத்தில் அந்த அறை இரண்டாம் மாடியில். லிஃப்ட் இல்லை. ஏறி வந்துவிட்டீர்களே, அப்புறம் என்ன என்பதுபோல ஒருவர் பார்த்தார்.

தவறியும் செய்யக் கூடாதவை

கீழ்க்கண்டவை வலியைக் குறைத்துவிடும் அபாயம் உள்ளதால் கண்டிப்பாகத் தவிர்க்கவும்.

பலகையின் நடுப்பகுதியில், கண் மட்டத்தில் எழுதுவது. மேல் வரிசையை உயரமான பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுவது. குறளை அவன் எழுதினால் அவனுக்கும் மனப்பாடம் ஆகிவிடும், ஆபத்து. நோட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு கையிலும் தூக்குவது. பழைய மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை வைத்திருப்பாரே, சாய்வான கணக்கு மேசை, அது மாதிரி ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அதன் மேல் திருத்துவது. அவர் எண்பது வயதிலும் நிமிர்ந்து உட்கார்ந்ததற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம் என்று நான் சந்தேகப்படுகிறேன். நிற்கும்போது ஒரு காலைச் சிறு பலகை மேல் மாற்றி மாற்றி வைப்பது. ஒரே இடத்தில் நிற்காமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பது. பிள்ளையின் மேசைக்குக் குனிவதற்குப் பதில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்காருவது. மேசையில் ஒரு கையை ஊன்றி, நோகும் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டுவது, சுவரில் விரல்களால் மெல்ல ஏறுவது. பத்து நாளில் பின்னல் போட வந்துவிடாது, ஆனால் ஒரு வருஷத்தில் எனக்கு வந்தது. வலி ஆரம்பித்த மாதமே டாக்டரைப் பார்ப்பது. கால் மரத்துப்போனாலோ கை பலமிழந்தாலோ அந்த வாரமே பார்ப்பது. இதில் மட்டும் விளையாட வேண்டாம்.

எல்லாவற்றிலும் அபாயகரமானது, நாற்காலியின் மேலுள்ள பம்பரத்தையும் வரைபடத்தையும் எடுத்துவிட்டு அதில் உட்காருவது.

இந்தச் சுற்றறிக்கையின் நகல் பெற்றோருக்கும் அனுப்பப்படுகிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் மேலாண்மைக் குழு ஒன்று இருக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான், அதனால் உங்கள் பேச்சுக்கு அங்கே மரியாதை உண்டு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வகுப்பறையை ஒரு எட்டு எட்டிப் பாருங்கள். டீச்சர் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தால் மனுப் போடாதீர்கள். நாற்காலி இல்லையென்றால் அதற்கு ஒரு மனுப் போடுங்கள். கை வைத்த நாற்காலியாக இருந்தால் நல்லது, எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளலாம்.